யாரும் கேட்காத வரி

"பாய், நான் உன்ன இன்னா கேட்டேன்? நீ இன்னா எழுதிக்கீற?"

சேகர் சார் தன் அறையிலிருந்து வெளியே வந்து, கையிலிருந்த தாளை இத்ரீஸ் பாயின் மேசைமேல் வைத்தார். எறியவில்லை, வைத்தார். எறிந்திருந்தால் எங்களுக்குப் பயம் வந்திருக்காது. கோபம் வந்தால் எறிவதும், அரைமணி நேரத்தில் டீ வாங்கிக் கொடுப்பதும் எங்கள் முதலாளியின் வழக்கம். அன்றைக்கு மெதுவாக வைத்துவிட்டு, கடைசிப் பத்தியில் ஒரு வார்த்தைமேல் விரலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

இத்ரீஸ் பாய் எழுந்து நின்றார். "லேட்டானதுக்கு எக்ஸ்பிளனேஷன் கேட்டீங்க சார். குட்த்துட்டேன்."

"லேட்டு இன்னாத்துக்கு ஆச்சின்னு கேட்டேன். பார்ட்டிகிட்ட எதுனா வாங்குனியான்னு கேட்டனா?"

"இல்லியே."

"அப்புறம் எதுக்கு வாங்கலன்னு எழுதிக்கீற?"

கீழே தெருவில் ஒரு டிரெய்லர் பின்னால் வரும் சத்தம் மட்டும் பீப், பீப் என்று கேட்டது. இத்ரீஸ் பாய் அந்த வரியைக் குனிந்து பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம்? அவருக்கு இங்கிலீஷில் எண்களும் கப்பல் பெயர்களும்தான் படிக்க வரும்.

அந்தக் கடிதத்தை டைப் செய்தவள் நான்.

நம்பாமல் பிறந்தவள்

சென்ற வாரம் இதே பக்கத்தில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கு யாரையுமே நம்பத் தெரியாதா அம்மா?" என்று கேட்டு எழுதியிருந்தார். தெரியாது. மறைப்பானேன்?

காசிமேட்டில் மீன்காரம்மா ஒரு மீன் கொசுறாகப் போட்டால், மற்ற மீன்களை விட்டுவிட்டு அந்தக் கொசுறு மீனின் செவுளைத்தான் நான் முதலில் தூக்கிப் பார்ப்பேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்டவள் நான். பாவம், கொடுத்தார். அதில் கம்பெனி முத்திரை கலங்கியிருந்தது. இன்னொன்று கேட்டேன். மணலியிலிருந்து திரும்பவும் பஸ் பிடித்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனிதரோடுதான் இத்தனை வருஷமாகக் குடித்தனம். இன்றைக்கும் அவர் காரணமில்லாமல் பூ வாங்கி வந்தால், "என்ன விஷயம்?" என்றுதான் கேட்பேன். "ஒண்ணுமில்லடி, பூ" என்பார். அதை நான் நம்பியதாக ஞாபகம் இல்லை.

இந்தப் புத்தி எனக்கு ஆபீஸில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. எங்களுடையது ராயபுரத்தில், துறைமுக மதிலுக்கு எதிர்த் தெருவில், மாடியில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்காகக் கஸ்டம்ஸ் காகிதங்களைத் தயார் செய்து, கன்டெய்னரைக் கப்பல் ஏற்றும்வரை கூடவே போவது எங்கள் தொழில். சரக்கு அனுப்புகிறவரை நாங்கள் ‘பார்ட்டி’ என்போம். காகிதம் என் வேலை. கன்டெய்னரோடு போவது டாக் கிளார்க்கான இத்ரீஸ் பாயின் வேலை. கன்டெய்னர் நம்பரையும் சீல் நம்பரையும் நான் மூன்று தடவை சரிபார்ப்பேன். நான்காவது தடவை, மூன்றாவது தடவை சரியாகப் பார்த்தேனா என்று பார்ப்பேன்.

"கோமதி குட்த்த பேப்பர்ல கண்ண மூடிகினு கையெழுத்து போடலாம்பா" என்று ஊரெல்லாம் சொல்லுவார் இத்ரீஸ் பாய். போடவும் போட்டார். அதுதான் வினையாகிப் போனது.

அந்த வார்த்தையோடு என் சிநேகம்

சேகர் சார் விரல் ஊன்றி நின்ற வார்த்தை ‘அன்ட்யூ’.

காலடிப்பேட்டையில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, தபாலில் பி.காம். முடித்து இந்த வேலைக்கு வந்தவள் நான். வந்த முதல் நாள் சேகர் சார் ஒரு தடித்த ஃபைலைத் தூக்கி என் மடியில் போட்டார். அதன் பெயர் தாய் ஃபைல். ஆபீஸ் தொடங்கிய காலத்திலிருந்து வந்த நல்ல கடிதங்களை எல்லாம் அதில் கோத்து வைத்திருந்தார்கள். பெயர், தேதி, கப்பல் எல்லாவற்றின்மேலும் ஒயிட்னர் தடவியிருக்கும். புதுக் கடிதம் வேண்டுமென்றால், பொருத்தமான பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளை அடித்த இடத்தில் மட்டும் புதுப் பெயர் போட்டு டைப் செய்ய வேண்டும். சொந்தமாக ஒரு வரி எழுதக் கூடாது. "சொந்தமா எழுதினா தப்பு வரும். இதெல்லாம் பாஸான லெட்டரு" என்றார் சார். பிறகு கம்ப்யூட்டர், மெயில் எல்லாம் வந்தும் எங்கள் ஆபீஸில் அந்த ஃபைல்தான் இங்கிலீஷ்.

அந்த ஃபைலில் பக்கத்துக்குப் பக்கம் இந்த வார்த்தை வரும். அன்ட்யூ டிலே. அன்ட்யூ ஹார்ட்ஷிப். அன்ட்யூ ஹேஸ்ட். யாரிடமும் அர்த்தம் கேட்க வெட்கம். அகராதியில் பார்த்தேன். அளவுக்கு மிஞ்சியது, தகாதது, நியாயமில்லாதது என்று போட்டிருந்தது. அடடா, இது என் வார்த்தையாயிற்றே என்று தோன்றியது. உலகத்தைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனையையும் இங்கிலீஷ்காரன் ஒரே வார்த்தையில் வைத்திருக்கிறான்!

பழைய டைரி ஒன்றில் வாக்கியம் அமைத்துப் பழக ஆரம்பித்தேன். மாமியார் என் செல்போன்மேல் அன்ட்யூ அக்கறை காட்டுகிறார். நகைக்கடைக்காரர் அன்ட்யூ மரியாதையோடு ஜூஸ் கொடுத்தார், ஆகவே சேதாரத்தைக் கவனிக்கவும். 56-ஆம் நம்பர் பஸ் அன்ட்யூ சீக்கிரமாக வந்துவிட்டது, என்னமோ நடக்கப்போகிறது. இப்படி ஒரு டைரி நிறைய.

நம் ஊரில் இதற்கு ‘ஓவர்’ என்று சொல்லிவிடுகிறோம். "ஓவரா பண்ணாத" என்றால் குழந்தைக்கும் புரிகிறது. ஆனால் ‘ஓவர்’ தெருவில் லுங்கியோடு நிற்கிற வார்த்தை. ‘அன்ட்யூ’ கோட்டு போட்டுக்கொண்டு வரும். அதைக் கடிதத்தில் வைத்தால் கடிதத்துக்கே ஒரு கம்பீரம் வருவதாக எனக்கு ஒரு எண்ணம். சிரிக்காதீர்கள். அவரவர்க்கு ஒரு மயக்கம்.

இரண்டு கன்டெய்னர்

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வாரம் எங்கள் ஆபீஸில் ஒரே கப்பலுக்கு இரண்டு கன்டெய்னர். ஒன்று மசாலாத்தூள் பார்ட்டியுடையது. இன்னொன்று ஷூ பார்ட்டியுடையது. இரண்டையும் இத்ரீஸ் பாய்தான் அழைத்துப் போனார். கப்பலுக்கு ‘கட்-ஆஃப்’ என்று ஒரு நேரம் உண்டு. அதற்குள் துறைமுக கேட்டைத் தாண்டிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே அடுப்பு வைத்துச் சோறு பொங்கித் தின்றுவிட்டுத் தூங்கி எழுவார்கள். வரிசையில் மசாலா வண்டி முன்னால், ஷூ வண்டி பின்னால். பாதி வழியில் மசாலா வண்டியின் டயர் வெடித்துவிட்டது. அதை ஓரம்கட்டினார்கள். பின்னால் இருந்த ஷூ வண்டி முன்னேறி உள்ளே போய்விட்டது. டயர் மாற்றிக்கொண்டு மசாலா வண்டி கேட்டுக்கு வந்தபோது மூடிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது.

மசாலா பார்ட்டி போனில் கத்து கத்தென்று கத்தினார். சேகர் சார் பாயை அழைத்து, "எழுதிக் குடு, பார்ட்டிக்கு அனுப்பணும்" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் யார்மேலும் சந்தேகம் இல்லை.

பாய் என்னிடம் வந்தார். "கோமதி, ஒரு லெட்டர் போட்டுக் குடுமா. டயர் வெட்ச்சிது, அவ்ளோதான் மேட்டரு."

தாய் ஃபைலைப் புரட்டினேன். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அச்சு அசலாக அப்படியே ஒரு கடிதம் கிடைத்தது. பழைய டைப்ரைட்டரில் அடித்தது. கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டதற்கு ஒரு டாக் கிளார்க் அந்தக் காலத்து முதலாளிக்குக் கொடுத்த விளக்கம். பெயரும் கையெழுத்தும் ஒயிட்னருக்குள் போயிருந்தன. முதல் இரண்டு பத்தியில் வண்டி பழுதானதைப் பற்றி. மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வரி.

‘ஐ ஹாவ் நாட் ரிசீவ்டு எனி அன்ட்யூ ஃபேவர் ஃப்ரம் எனி பார்ட்டி.’ எந்தப் பார்ட்டியிடமிருந்தும் தகாத சலுகை எதையும் நான் பெறவில்லை.

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. வார்த்தை அழகாக இருந்தது. பாஸான கடிதம் வேறு. அப்படியே அடித்து, பிரின்ட் எடுத்து, பேனாவையும் திறந்து கொடுத்தேன்.

"எங்க போடணும்?" என்றார் பாய்.

விரலால் காட்டினேன். போட்டார்.

வரி வேலை செய்தது

அந்த வரிமேல் விரலை ஊன்றி நின்ற சேகர் சார் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பாஸ குடு" என்று கையை நீட்டினார். துறைமுகத்துக்குள் போவதற்கான அட்டை அது. கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த அட்டையோடு நடமாடிய மனிதர், அதைக் கழற்றி முதலாளி கையில் வைத்துவிட்டு, வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். பாஸ் இல்லாத டாக் கிளார்க்குக்கு ஆபீஸில் என்ன வேலை? ஜெராக்ஸ் எடுத்தார். தபால் ஒட்டினார்.

நான் அப்போதே எழுந்து, "சார், அது பழைய ஃபைலில் இருந்த வரி. நான்தான் காப்பி அடித்தேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். சொல்லவில்லை. சொன்னால், "படிக்காமலா டைப் பண்ண?" என்று என்னைக் கேட்பார். நல்ல பெயர் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம், சார் மூடு சரியானதும் சொல்லலாம் என்று தள்ளினேன். கோழைத்தனம்தான். வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

இதைவிட அசிங்கமான ஒன்று அடுத்து நடந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எனக்கே பாய்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அந்த வரியை அடித்த விரல் என்னுடையது. அது அவர் வரி இல்லை என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் சேகர் சாரின் முகத்தையே பார்த்துப் பார்த்து, "ஒருவேளை இருக்குமோ" என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. ஷூ வண்டி மட்டும் எப்படி உள்ளே போனது? டயர் வெடித்ததா, வெடிக்க வைத்தார்களா? மூன்றாம் நாள் பாய் ஆபீஸுக்கு வந்தபோது அவர் காலைப் பார்த்தேன். பளபளவென்று புது ஷூ.

ஷூ பார்ட்டி. புது ஷூ. அந்தச் சந்தேகத்துக்குள்ளே எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் வாங்கியிருந்தால் நான் தப்பு செய்தவள் இல்லை அல்லவா? என் கடிதம் ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்ததாக ஆகிவிடும் அல்லவா? பாய் நடக்கும்போதெல்லாம் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன் வந்து மாடிப்படிக்குப் போனால், தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நானும் போய்க் காதைக் கொடுத்தேன். "வெள்ளிக்கிழம வராங்களா... சரி... நான் எல்லாம் ரெடி பண்ணிடறேன்" என்றார் ஒருநாள். யார் வருகிறார்கள்? எதை ரெடி பண்ணுகிறார்?

டீக்கடை பெஞ்சு

பத்து நாள் ஆயிற்று. ஆபீஸுக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் பாய் தனியாக நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக அவரைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். அன்றைக்கு அடுத்த ஆபீஸ் ஆட்கள் கொஞ்சம் தள்ளி நின்று டீ குடித்தார்கள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "இன்னா பாய், ஷூ புதுசா?"

"ஆமாமா."

"எங்க வாங்கனது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சாதாரணமாகக் கேட்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் குரல் எனக்கே போலீஸ்காரன் குரல் மாதிரி கேட்டது. வாய் நிற்கவில்லை.

"என்கிட்ட சொல்லலாம் பாய். அந்த ஷூ பார்ட்டி எதுனா குடுத்தாங்களா?"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். வலது காலிலிருந்த ஷூவைக் கழற்றி, என் கண்ணெதிரே பெஞ்சுமேல் வைத்தார். விளிம்பில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். கறுப்புத் தோல் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே துணி.

"பாரு. நல்லா பாரு. தோலா இது? ரெக்ஸினு. பழைய வண்ணாரப்பேட்ட பிளாட்பாரத்துல வாங்கனது. எக்ஸ்போர்ட் ஷூ இப்டியா உரியும்?"

அப்போதும் நான் அந்த உரிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"எம் பொண்ண கேட்டு வராங்கமா வெள்ளிக்கிழம. பையனுக்கு ஹார்பர்லதான் வேல. வாசல்ல நிக்கறவன் கால்ல கிழிஞ்ச செருப்பு வாணாமேன்னு வாங்கனேன். இப்ப அவுங்களே, ‘பாய்க்கு பாஸ் புடுங்கிட்டாங்களாமே, இன்னா விசயம்’னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழம வராங்களோ, வர்லியோ, அதுவே தெரில."

"பாய், நான்..."

"சாரு சந்தேகப்பட்டாரு. சர்தான். அவுருக்கு லெட்டர்தான் தெரியும். நீ எப்டி கோமதி? நீதான டைப்பு அட்ச்ச? அந்த வரி இன்னான்னு எனக்குப் படிச்சுக் காட்னியா? எங்க கையெழுத்துன்னேன். காட்ன எடத்துல போட்டேன்."

ஷூவை மாட்டிக்கொண்டு, டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். படியேறி ஆபீஸுக்குப் போகவில்லை. வண்ணாரப்பேட்டைப் பக்கம் நடந்தார்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்க்காத மாதிரி கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் வெளிச்சம்

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. சாட்சிக்குத் தாய் ஃபைலிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை உருவினேன்.

உருவியவள் சும்மா இருந்திருக்கலாம். என் புத்தி இருக்கிறதே! அந்த வரியை முதன்முதலில் எழுதிய புண்ணியவான் யார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. யாரும் கேட்காமல் அவன் ஏன் அதை எழுதினான்? தாளைத் திருப்பி, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலில் ஒட்டிப் பிடித்தேன். ஒயிட்னருக்கு அடியில் டைப் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. டைப்ரைட்டர் அழுத்தம் பின்பக்கம் புடைத்திருந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன்.

ஆர். ஞானசேகரன், டாக் கிளார்க்.

எங்கள் சேகர் சார்.

சார் இதே ஆபீஸில் டாக் கிளார்க்காகச் சேர்ந்து, பழைய முதலாளி ஒதுங்கியபோது தொழிலை எடுத்து நடத்துகிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இது தெரியாது. இப்போது இந்தத் தாளோடு உள்ளே போனால், நான் மன்னிப்புக் கேட்க வந்ததாகவா நினைப்பார்? அவர் குடுமியைப் பிடிக்க வந்ததாகத்தானே நினைப்பார்? நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். தாளைத் திரும்ப ஃபைலில் வைத்துவிட்டு, வாயால் மட்டும் சொல்லிவிடலாமா? வாயால் சொன்னால், "பாய காப்பாத்தறதுக்குப் பொய் சொல்ற" என்பார்.

சார் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் உட்காரும்வரை பொறுத்து, பின்னாலேயே போய், தாளை மேசையில் வைத்தேன்.

"சார், பாய் எழுதல. நான் இதுலருந்து காப்பி அடிச்சேன். அந்த வரியும் இதுலதான் இருந்துது. பாய்க்கு அப்படி ஒரு வரி இருக்கறதே தெரியாது. முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

சார் தாளைப் பார்த்தார். படிக்கவில்லை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவருக்கு. ஒயிட்னர்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"யாருதுன்னு பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தேன் சார்" என்றேன்.

சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாங்கனேன்மா. ஒரு வாட்ச்சு. வேற ஒரு பார்ட்டி குட்த்தான். அவன் கன்டெய்னர முன்னாடி வுட்டேன், இது கப்பல வுட்டுட்ச்சி. பெரிய மொதலாளி என்ன எதுவும் கேக்கல. வண்டி ரிப்பேர்னு சொன்னேன், எழுதிக் குடுன்னாரு. எழுதும்போது கை நிக்கல. கடைசில நானே அந்த வரிய போட்டேன். அவுரு படிச்சாரு. ஒண்ணும் சொல்லாம ஃபைல் பண்ணிட்டாரு. என்ன நம்பனாரு."

"சார்..."

"வாங்காதவன் அப்டி ஒரு வரிய எழுதமாட்டான்னு எனக்குத் தெரியும். அதான் பாய் லெட்டர்ல அதப் பாத்ததும்..." முடிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பாஸை எடுத்து வெளியே வைத்தார். "பாய்க்கு போன் போடு."

வாங்கியவரை ஒருவர் நம்பினார். வாங்கியவர், வாங்காதவரை நம்பவில்லை. நடுவில் நான் ஒருத்தி, ஒருவர் கடிதத்தை யோசிக்காமல் இன்னொருவர் பெயரில் டைப் செய்தவள். என்ன கண்றாவி இது என்று எனக்கு அழுகை வந்தது.

மாதிரி இல்லாத கடிதம்

பாய் பத்தரை மணிக்கு வந்தார். சார் எழுந்து நின்று பாஸை நீட்டினார். "தப்பு ஆயிட்ச்சி பாய். மன்சுல வெச்சிக்காத."

வாட்ச் கதையைச் சார் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றைக்குச் சார் உயிரோடு இல்லை, அவர் பிள்ளைகளும் இந்தத் தொழிலில் இல்லை. அதனால்தான் பெயரை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

பாய் பாஸை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாயால சொன்னா பத்தாது சார். ஹார்பர் கேட்ல ஆரம்பிச்சி எங்க தெரு மொன வரிக்கும் பேச்சு ஓடிகினு கீது. எல்லார்கிட்டயும் நான் போயி சொல்லிகினு இருக்க முடியுமா? லெட்டர் குடுங்க. எம் பொண்ண பாக்க வர்றவங்க கையில குடுக்கணும்."

சார் என்னைப் பார்த்தார். நான் வந்து கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தேன். பழக்கத்தில் கை தாய் ஃபைலுக்குப் போயிற்று. அதில் அப்படி ஒரு கடிதம் கிடையாது. அத்தனை வருஷத்தில் எங்கள் ஆபீஸ் தன்னிடம் வேலை செய்கிற ஒருவரிடம் "தப்பு எங்களுடையது" என்று எழுதியதே இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக நானே தேடி எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஐந்து வரிக்கு. இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

"தமிழ்ல சொல்லு, இன்னா போட்டுக்கீற" என்றார் பாய்.

சொன்னேன். "டயர் வெடிச்சதாலதான் தாமதம். திரு. இத்ரீஸ்மேல் எந்தத் தப்பும் இல்ல. அவர் விஷயத்தில் எழுந்த சந்தேகம் அன்ட்யூ. நியாயமே இல்லாதது."

"எழுந்த சந்தேகமா?"

"ஆமா பாய்."

"தானா எழுந்துதா?"

நான் திரையில் அந்த வார்த்தையைத் திரும்பப் பார்த்தேன்.

"காலைல தூக்கத்துலருந்து எழுந்துக்கற மாதிரி அதுவா எழுந்துகிச்சா? யார் பட்ட சந்தேகம்? பேரு போடு."

சார் மேலே ஃபேனைப் பார்த்தார். பிறகு, "என் பேரப் போடும்மா" என்றார். போட்டேன். பிரின்ட் பொத்தானுக்குப் போன கை அங்கேயே நின்றது. பாய் நகரவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. எனக்குப் பின்னால் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

சார் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் அடித்தேன்.

பிரின்ட் எடுத்தேன். சார் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நான் போட்டேன். பாய் தாளை நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். பாஸை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கல்யாணமும் நடந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார், எனக்கும் வைத்தார். பிரியாணியை அவரே பக்கத்தில் நின்று பரிமாறினார். ஒரு குறையும் இல்லை.

ஆனால் அன்றைக்கு, பாஸை மாட்டிக்கொண்ட கையோடு, "ரெண்டு மணிக்கு மணலி வண்டி கீது, ஷிப்பிங் பில் ரெடியா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அத்தனை வருஷமாக நான் கொடுத்த தாளை அவர் அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிடுவார்.

அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"படி" என்றார்.

முதல் வரியிலிருந்து படித்தேன்.